புகை படியாத நான்கு சேலைகள்

அத்தியாயம் 11

தீ அணைந்து ஐந்து நாட்களாகியும், அந்த வீட்டில் தின்கிற சோற்றில்கூடப் புகை வாசம் அடித்தது.

போன ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டார் பூசைக்குப் போயிருந்த நேரத்தில் அடுப்படிப் பரணில் பற்றிய தீ அது. கோணிச் சாக்கு, விறகு, மண்ணெண்ணெய் டின் என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு, அடுப்படிக் கூரையில் பாதியைத் தின்ற பிறகுதான் அடங்கியது. உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் சாக்கும் எண்ணெயும் சேர்ந்து கக்கிய கரும்புகை மூன்று அறைகளுக்குள்ளும் புகுந்து, சுவரில், மெத்தையில், துணியில், ஜெபப் புத்தகத்தின் தாளில்கூட உட்கார்ந்துவிட்டது.

பழி, மருமகள் மரியபுஷ்பத்தின் மேல் விழுந்தது. அன்று காலை காபி வைத்துவிட்டு ஸ்டவ்வைக் கடைசியாகத் தொட்டவள் அவள்தான்.

"அணைச்சுட்டுத்தானுங்க வந்தேன்" என்று முதல் நாள் உறுதியாகச் சொன்னாள்.

"அணைச்ச மாதிரிதானுங்க இருக்குது" என்று இரண்டாம் நாள் சொன்னாள்.

மூன்றாம் நாளிலிருந்து அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அவள் கணவன் ஜேசுதாஸ், சேலம் - ஏற்காடு பஸ்ஸில் கண்டக்டர். ஐந்து நாட்களாக அவளிடம் நேராகப் பேசவில்லை. கூரைக்கு ஓடு மாற்ற லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தான். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் தங்கையிடம் சொல்வான். மாமனார் பெரியநாயகம், முப்பது வருஷம் எஸ்டேட் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், இன்னொரு மாதிரி. மருமகளைத் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. கையில் சுண்ணாம்பு மட்டையை எடுத்துக்கொண்டு விடிந்ததிலிருந்து சுவரோடு நின்றார்.

எல்லோருக்கும் அவசரம். நாளை மறுநாள் ஞாயிறு, ஜேசுதாஸின் தங்கை செல்வமேரிக்கு நிச்சயதார்த்தம். திருச்சியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து அந்தக் கூடத்தில்தான் உட்கார வேண்டும்.

சுவருக்கு இரண்டு முறை சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. காய்ந்ததும் மஞ்சள் மஞ்சளாகக் கறை மேலே வந்து நின்றது. கதவையும் ஜன்னலையும் சோடா உப்புத் தண்ணீரால் துடைத்தார்கள். கன்னியர் மடத்துச் சமையலறையிலிருந்து வினிகர் வாங்கி வந்து கிண்ணத்தில் ஊற்றி மூலைக்கு ஒன்றாக வைத்தார்கள். பக்கத்து வீட்டில் யாரோ சாம்பிராணி போடச் சொன்னார்கள். போட்டதும் இரண்டு புகையும் சேர்ந்துகொண்டு நிலைமை இன்னும் மோசமானது. காபிக் கொட்டையை வறுத்து அரைத்துத் தட்டில் பரப்பிக் கட்டிலுக்கடியில் வைத்தாள் மரியபுஷ்பம். அது மட்டும் கொஞ்சம் கேட்டது.

துணிதான் கேட்கவில்லை. ஐப்பசி மேகமூட்டம் மலையை விட்டு நகரவே இல்லை. துவைத்த துணி மூன்று நாளாகக் கொடியில் ஈரமாகத் தொங்கியது. புகை நாற்றத்தோடு ஈர நாற்றமும் சேர்ந்ததுதான் மிச்சம்.

வெள்ளிக்கிழமை காலை மரியபுஷ்பம் ஒரு முடிவுக்கு வந்தாள்.

"இங்க வெயிலுக்குக் காத்திருந்தா ஆகாதுங்க. அத்தனையும் மூட்டை கட்டிட்டு அடிவாரத்துக்குப் போறேன். அங்க அருக்காணியக்கா ஊட்டுல கெணறு இருக்குது, பாறை இருக்குது. மத்தியானத்துக்குள்ள காஞ்சுரும்."

ஜேசுதாஸ் ஏணியின் மேலிருந்து இறங்காமலே, "ஏம்மா மேரி" என்றான் தங்கையைப் பார்த்து. "நீயும் கூடப் போ. உங்கண்ணி அங்கியும் எதையாச்சும் பத்த வெச்சுட்டு வந்துறப் போறா."

செல்வமேரியின் முகம் வெளுத்தது. மரியபுஷ்பம் அதைக் கவனித்தாள். தனக்காக வருத்தப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

---

மூட்டைகளோடு பஸ் ஏறினார்கள். வளைவு வளைவாக இறங்கும்போது கண்ணாடி முழுக்க வெள்ளை மூட்டம். பாதி மலை தாண்டியதும் திடீரென்று திரை விலகியது போல வெயில். அடிவாரத்தில் இறங்கியபோது தார் ரோடு சுட்டது. மரியபுஷ்பத்துக்கு அழுகையே வந்துவிட்டது. ஐந்து நாட்களுக்குப் பிறகு மூச்சு முழுசாக உள்ளே போனது.

அருக்காணி, செக்போஸ்ட்டுக்குப் பின்னால் குடியிருப்பவள். மாடு, கிணறு, கொல்லையில் யானை படுத்தது போல ஒரு பாறை.

"வந்ததும் தண்ணியில முக்கிறாத அம்மணி" என்றாள். "மொதல்ல காஞ்ச துணியாவே ஒதறி வெயில்ல போடு. புகை கரி உதுந்தாத்தான் சோப்பு பிடிக்கும். பொறகு பூந்திக்கொட்டைத் தண்ணியில ஊற வையி. கடைசி அலசுக்கு எலுமிச்சம் பழம் புழிஞ்சுக்க. வாசம் போற வரைக்கும் இஸ்திரிப் பொட்டியைக் கிட்ட கொண்டு போயிராத. சூடு பட்டா நாத்தம் நூலுக்குள்ளயே உக்காந்துக்கும்."

"சரிங்க்கா."

"நான் மாட்டை ஏரிப் பக்கம் ஓட்டிட்டுப் போறேன். சோறு பானையில இருக்குது. சங்கடப்படாம போட்டுத் தின்னுங்க."

அவள் போனதும் கொல்லையில் இவர்கள் இரண்டு பேர் மட்டும்.

மரியபுஷ்பம் மூட்டையை அவிழ்த்தாள். ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்த்துப் பிரித்தாள். ரொம்ப நாறுவது ஒரு குவியல், கொஞ்சமாக நாறுவது ஒரு குவியல். ஜேசுதாஸின் காக்கிச் சட்டை, மாமனாரின் கோட்டு, போர்வை, தலையணை உறை, கூடத்துத் திரைச்சீலை. எல்லாம் முதல் குவியலுக்கே போயின. செல்வமேரி கிணற்றில் நீர் இறைத்துத் தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது மூட்டையின் அடியில் செல்வமேரியின் சேலைகள் நான்கு மடித்து வைக்கப்பட்டிருந்தன. கூடவே இரண்டு பாவாடை, ரவிக்கைகள், ஒரு துண்டு.

முதல் சேலையை மூக்கருகே கொண்டு போனாள்.

புகை இல்லை.

இரண்டாவதை எடுத்தாள். மூன்றாவது. நான்காவது. ஒன்றிலும் புகை இல்லை. அதற்குப் பதிலாக வேறு ஒரு வாசம். குளிர்ந்த, பச்சை வாசம். மரிக்கொழுந்து.

மரியபுஷ்பம் அப்படியே நின்றாள். செல்வமேரியின் பீரோ இருந்தது அடுப்படிக்கு அடுத்த அறையில். அந்த அறைச் சுவர்தான் வீட்டிலேயே அதிகம் கறுத்தது. பீரோவுக்குள் இருந்த காகிதம்கூடப் பழுப்பேறியிருந்தது. அந்தப் பீரோவில் இருந்த சேலைகளில் எப்படிப் புகை படியாமல் போகும்?

தீப்பிடித்த அன்று அவை வீட்டில் இல்லை. அவ்வளவுதான். வேறு கணக்கே இல்லை.

"மேரி."

"என்னுங்க அண்ணி?"

"கயித்தை வுட்டுட்டு இங்க வா."

செல்வமேரி திரும்பினாள். அண்ணியின் கையிலிருந்த சேலையைப் பார்த்தாள். வாளி நழுவிக் கிணற்றுக்குள் விழுந்து, கயிறு சரசரவென்று உருளையில் ஓடியது. அதைப் பிடிக்க அவள் கையை நீட்டக்கூட இல்லை.

"இந்தச் சேலையெல்லாம் ஞாயித்துக்கெழம எங்க இருந்துச்சு?"

செல்வமேரி கிணற்றுப் பக்கம் பார்வையைத் திருப்பினாள்.

"மரிக்கொழுந்து வாசம் அடிக்குது. பஸ் ஸ்டாண்டுல பூ விக்கிற சென்னம்மா கடையிலதான வெச்சிருந்தே?"

செல்வமேரி தலையை ஆட்டினாள். "நேத்துச் சாயங்காலந்தான் திருப்பி வாங்கியாந்தேன்."

"நாலு சேலை, பாவாடை, துண்டு. ஊட்டை வுட்டுப் போறவதான் இத்தனையும் எடுத்து வெப்பா." மரியபுஷ்பத்தின் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "யாரு கூட கண்ணு?"

"அய்யோ அண்ணி, அப்படியெல்லாம் இல்லீங்க."

"பின்ன எப்படி? தலைவலின்னு பூசைக்கு வரலை நீ. நீதான் ஊட்டுல இருந்தே. அசந்து தூங்கிட்டேன்னு சொன்னதை நம்பிட்டேன். ஊட்டுல இருந்தவ எப்படிப் புகை பாக்காம இருந்தே?" சொல்லிக்கொண்டே வந்தவள் கையிலிருந்த சேலையைப் பாறை மேல் போட்டாள். "அந்த ஸ்டவ்வு... நான் அணைச்சுட்டுத்தான வந்தேன்? உனக்குத் தெரியுமில்ல?"

செல்வமேரி பாறை மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"அணைச்சிருந்தீங்க அண்ணி. நீங்க கௌம்பறப்போ காபியைச் சுட வெக்கலாம்னு நான் தொட்டுப் பாத்தேன். ஸ்டவ்வு குளுந்து கெடந்துச்சு."

ஐந்து நாள். ஐந்து இரவு. கண்ணை மூடினால் அந்த ஸ்டவ்வுதான் வந்து நின்றது மரியபுஷ்பத்துக்கு. திருகைத் திருப்பினேனா, திருப்பவில்லையா என்று விரலையே ஆட்டி ஆட்டிப் பார்த்திருக்கிறாள்.

"அஞ்சு நாளா என்னைப் பாத்துட்டுத்தான இருந்தே?" என்றாள். "உங்கண்ணன் இன்னைக்குக் காத்தால சொன்னதையும் கேட்டுட்டுத்தான நின்னே?"

"அடிங்க அண்ணி. நாலு அடி அடிச்சுருங்க. ஆனா சொல்ல முடியலீங்க. ஒண்ணைச் சொன்னா எல்லாத்தையும் சொல்லோணும்."

"என்ன எல்லாம்?"

செல்வமேரி ரவிக்கைக்குள்ளிருந்து ஒரு இன்லாண்டு கடிதத்தை எடுத்தாள். வியர்வையில் நனைந்து, மடிப்பில் கிழிந்திருந்தது.

"படிங்க."

மேலே முகவரி மாமனார் பேருக்கு. பின்பக்கம் அனுப்புநர் பெயர். மரியபுஷ்பம் அதைப் படித்தாள். மறுபடி படித்தாள்.

ஞானசுந்தரி. தொழுநோயாளர் இல்லம். ஆத்தூர் ரோடு.

"யாரு இது? உங்கம்மா பேரு வெச்சிருக்காங்க?"

"எங்கம்மாதானுங்க."

மரியபுஷ்பம் கடிதத்தைத் திருப்பி அந்தப் பெயரை இன்னொரு தரம் பார்த்தாள். அவள் இந்த வீட்டுக்கு வாழ வந்து நான்கு வருஷம். வந்த முதல் நாளே மாமியார் போட்டோ முன்னால் மண்டியிட வைத்தார்கள். 'மேரிக்கு நாலு வயசு, ஜேசுவுக்குப் பத்து வயசு இருக்கறப்போ சேலம் ஆஸ்பத்திரியில தவறிட்டா, அங்கியே அடக்கம் பண்ணிட்டோம்' என்று மாமனார் சொல்லியிருந்தார். இந்தக் கல்லறைத் திருநாளுக்குக்கூட, தீப்பிடிப்பதற்குச் சரியாக ஒரு வாரம் முன்னால், மெழுகுவத்தி ஏற்றியது அவள்தான். நித்திய இளைப்பாற்றி வேண்டி ஜெபித்ததும் அவள்தான்.

உயிரோடு இருக்கிற ஒருத்திக்கு.

கடிதத்தை விரித்தாள். எழுத்து வேறு யாருடையதோ. இல்லத்துச் சிஸ்டர் எழுதித் தந்திருக்க வேண்டும்.

'இங்கே எனக்கு முழுக்கக் குணமாகிவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். மருந்தும் நிறுத்தியாகிவிட்டது. என்னால் இனி யாருக்கும் எதுவும் ஒட்டாது. விரல் போனது போனதுதான். மேரிக்கு நிச்சயம் பண்ணப் போவதாகச் சிஸ்டர் மூலம் கேள்விப்பட்டேன். உங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன். ஒரு தரம் பார்த்தால் போதும். வருகிற ஒன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஏற்காடு வந்து சேரும் பஸ்ஸில் வருகிறேன். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பேன். யாராவது வந்தால் கூட வருகிறேன். யாரும் வராவிட்டால் வந்த வழியே போய்விடுகிறேன். அதற்குப் பிறகு எழுதித் தொந்தரவு செய்ய மாட்டேன்.'

ஒன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. தீப்பிடித்த நாள்.

"அப்பா நிச்சயத்துக்குச் சாமான் வாங்கச் சேலம் போயிருந்த அன்னைக்குத் தபால் வந்துச்சுங்க" என்றாள் செல்வமேரி. "தபால்காரர் எங்கிட்டக் குடுத்துட்டாரு. படிச்சதும் எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. அப்பாவோட தகரப் பொட்டியைத் தெறந்து பாத்தேன். கட்டுக் கட்டா லெட்டருங்க அண்ணி. வருஷா வருஷம் கிறிஸ்மசுக்கு எழுதியிருக்காங்க. எனக்குக் கோயில்ல மொதல் நன்மை குடுத்த வருஷம், கவுனு என்ன நெறம்னு கேட்டு எழுதியிருக்காங்க."

செல்வமேரி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மரியபுஷ்பம் காத்திருந்தாள்.

"அம்மாவைக் கூட்டிட்டு ஊட்டுக்கு வரலாம்னுதான் நெனச்சேன். அப்பா ஒத்துக்கலைன்னா அம்மா கூடவே போயிரலாம்னு துணியை எடுத்து சனிக்கெழமையே சென்னம்மாகிட்டக் குடுத்து வெச்சேன். ஞாயித்துக்கெழம நீங்க பூசைக்குக் கௌம்புனதும் பொறக்கடை வழியா வெளிய வந்தேன். அடுப்படி ஜன்னல்ல பாத்தா... அப்பா."

"மாமா பூசைக்குல்ல வந்தாரு?"

"பொறகுதான் வந்திருப்பாரு. அப்ப விறகடுப்புக்கு முன்னாடி குந்திட்டு இருந்தாருங்க. மடியில தகரப் பொட்டி. ஒவ்வொரு லெட்டரா நெருப்புல போட்டுட்டு இருந்தாரு."

மரியபுஷ்பத்துக்கு நினைவு வந்தது. அன்று மாமனார் சுவிசேஷம் வாசித்து முடித்த பிறகுதான் கோவிலுக்குள் வந்தார். வந்து கடைசி வரிசையில் நின்றார். எப்போதும் முன் வரிசையில் நிற்கிறவர்.

"எரியிற காயிதம் மேல பறந்து சாக்குல ஒட்டியிருக்கும்" என்றாள் மெதுவாக.

"ஆமாங்க. நான் பஸ் ஸ்டாண்டுல நின்னுட்டிருந்தேன். பஸ் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி புகையைப் பாத்துட்டேன். ரைட்டர் ஊடுன்னு கத்துனாங்க. உள்ள அப்பா இருப்பாருன்னு ஓடியாந்துட்டேன் அண்ணி. அம்மாவை வுட்டுட்டு ஓடியாந்துட்டேன்."

"பொறகு போய்ப் பாத்தியா?"

"தீயை அணைச்சதும் ஓடுனேன். பதினோரு மணி இருக்கும். பெஞ்சு காலியாக் கெடந்துச்சு. சென்னம்மாவைக் கேட்டா, நானே கொடம் எடுத்துட்டு உங்க ஊட்டுக்குத்தான கண்ணு வந்திருந்தேன், யாரைக் கண்டேன்னுச்சு."

மரியபுஷ்பம் கடிதத்தை மடித்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். கோபம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் அது நின்றுகொள்ள இடமில்லாமல் அதைவிடப் பெரியது ஒன்று உள்ளே வந்துவிட்டது.

"ஞாயித்துக்கெழம முடியட்டும் அண்ணி" என்று கெஞ்சினாள் செல்வமேரி. "திருச்சிக்காரங்க வந்துட்டுப் போகட்டும். பொறகு நானே அண்ணன்கிட்டச் சொல்லிர்றேன்."

"அவங்களை ஊருக்குத் தெரியாம ஒளிச்சுட்டு நீ நிச்சயம் பண்ணிக்குவியா?"

செல்வமேரி அழுதாள்.

"எந்திரி. மொதல்ல வாளியை எடுக்கோணும். துணி காயோணும். மூணு மணி பஸ்ஸுக்குப் போறோம்."

பாதாளக் கரண்டி போட்டு வாளியை எடுத்தார்கள். பூந்திக்கொட்டைத் தண்ணீர் நுரைத்தது. காக்கிச் சட்டையை மரியபுஷ்பம் பாறையில் ஓங்கி ஓங்கி அடித்தாள். தண்ணீர் கறுப்பாக ஓடிக் கொல்லையை விட்டு இறங்கியது. மூன்று அலசு, நான்கு அலசு, எலுமிச்சம் பழம் பிழிந்து ஐந்தாவது அலசு. பிற்பகல் இரண்டரைக்கு எல்லாம் மொடமொடவென்று காய்ந்திருந்தன. போர்வையை எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்தாள். வெயில் வாசம் மட்டும்தான்.

---

வீட்டுக்கு வந்தபோது மணி நாலரை. மூட்டம் கதவு வரைக்கும் வந்து நின்றது. கூடத்தில் பெரியநாயகம் மூன்றாவது முறையாகச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். அடுப்படிக் கூரையில் கடைசி ஓட்டை வைத்துவிட்டு ஜேசுதாஸ் கை கழுவிக்கொண்டிருந்தான்.

மரியபுஷ்பம் மூட்டையைக் கட்டில் மேல் வைத்தாள்.

"மாமா, அந்த மட்டையைக் கீழ வையிங்க. ஒண்ணு கேக்கோணும்."

அவள் குரலைக் கேட்டு ஜேசுதாஸ் உள்ளே வந்தான்.

"அத்தை சாகலீங்களா மாமா?"

பெரியநாயகத்தின் கையிலிருந்த மட்டை அப்படியே நின்றது. அதிலிருந்து சுண்ணாம்பு சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. அவர் திரும்பவில்லை.

"என்ன உளர்றே?" என்றான் ஜேசுதாஸ். ஐந்து நாளில் அவளிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். "எந்த அத்தை?"

"உங்கம்மாங்க."

"பைத்தியமா புடிச்சிருக்குது உனக்கு?"

"அண்ணா, அண்ணி சொல்றது நெசம்" என்றாள் வாசலிலேயே நின்ற செல்வமேரி.

ஜேசுதாஸ் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. அப்பாவின் முதுகைப் பார்த்தான். அந்த முதுகு குலுங்கியது.

"அப்பா?"

பெரியநாயகம் மட்டையை வாளியில் போட்டுவிட்டு, ஈரச் சுவரிலேயே சாய்ந்து உட்கார்ந்தார். சட்டையெல்லாம் சுண்ணாம்பு ஒட்டியது.

"பெருவியாதி வந்துருச்சு அவளுக்கு" என்றார். "அறுவத்தாறுல. எஸ்டேட்டுல தெரிஞ்சா லைன் ஊடுகள்ல ஒருத்தரும் நம்ம ஊட்டுத் தண்ணியைத் தொட மாட்டாங்க. உன்னையப் பள்ளிக்கூடத்துல வெச்சிருக்க மாட்டாங்க. அவதான் சொன்னா. 'எம் புள்ளைங்ககிட்ட நான் செத்துட்டதாச் சொல்லிருங்க'ன்னு. அவளே சொன்னா ஜேசு. நான் அவளை எறக்கி வுட்டுட்டுத் தனியா பஸ் ஏறி வந்தேன்."

"இருவது வருஷமா?" ஜேசுதாஸின் குரல் உடைந்தது. "இருவது வருஷமா எங்கம்மாவுக்கு மெழுகுவத்தி ஏத்த வெச்சியா?"

"கொணமாயிருச்சுன்னு போன வருஷம் எழுதியிருந்தா. பாப்பா கல்யாணம் முடியட்டும்னு நெனச்சேன். திருச்சிக்காரங்க வந்து தங்கறப்போ யாரு கையிலயாவது அந்த லெட்டரெல்லாம் சிக்கிறக் கூடாதுன்னு..." அவர் மருமகளை நிமிர்ந்து பார்த்தார். "அடுப்புல போட்டேன். அணைஞ்சிருச்சுன்னு நெனச்சுத்தான் கோயிலுக்கு வந்தேன். பொறகு உம்மேல பழி வந்தப்போ, இல்லே நாந்தான்னு சொல்ல வாய் வரலை அம்மணி. என்ன எரிச்சேன்னு கேப்பாங்களே. அஞ்சு நாளா உம்மூஞ்சியைப் பாக்க முடியாமத்தான் இந்தச் சுவத்தையே பாத்துட்டு நின்னேன்."

மன்னிக்கிற வார்த்தை மரியபுஷ்பத்திடம் அப்போது இல்லை.

ஜேசுதாஸ் அவள் பக்கம் திரும்பினான். உதடு அசைந்தது. "புஷ்பம்..."

"அதைப் பொறகு பேசிக்கலாமுங்க" என்றாள். "மொதல்ல இதைப் படிங்க. மாமா, இது நீங்க எரிச்சதுல சேராதது. மேரி கையில சிக்குனது."

அவன் கடிதத்தை ஜன்னல் பக்கம் கொண்டு போய்ப் படித்தான். உதட்டைக் குவித்து, ஒவ்வொரு வரியாக. ஒன்பதாம் தேதி என்ற இடத்தில் நின்றான். பஸ்ஸின் நேரத்துக்கு வந்தபோது கடிதத்தைக் கீழே இறக்கினான்.

"இந்த பஸ்ஸு..." என்றான்.

அந்த வரியை மறுபடி விரலால் தடவிப் பார்த்தான்.

"அன்னைக்கு இந்த பஸ்ல நாந்தான் டூட்டி."

பெரியநாயகம் சுவரை விட்டு நிமிர்ந்தார். "என்ன சொல்றே? அவ வந்தாளா? அன்னைக்கா?"

ஜேசுதாஸ் யாருக்கும் பதில் சொல்வது போல இல்லை. கண்ணெதிரே ஓடுவதைப் பார்த்துப் பார்த்துச் சொன்னான்.

"சேலத்துல ஏறுனாங்க. கடைசி சீட்டு. பக்கத்துல ஒருத்தரும் உக்காரலை. வெள்ளைச் சேலை. கையை முந்தானைக்குள்ளயே வெச்சிருந்தாங்க. டிக்கெட்டுக்கு நீட்டுனப்பத்தான் பாத்தேன். விரலு... பாதிதான் இருந்துச்சு."

"அண்ணா" என்றாள் செல்வமேரி.

"கையில குடுக்கலை மேரி. டிக்கெட்டைக் கிழிச்சு சீட்டு மேல போட்டுட்டு வந்துட்டேன். அவங்க குனிஞ்சு ரெண்டு கையாலயும் அதை எடுத்தாங்க. எடுக்க முடியலை. நான் பாத்துட்டே நின்னேன்."

மூட்டம் கூடத்துக்குள்ளேயே நுழைந்துவிட்டது. மரியபுஷ்பம் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பஸ்ஸு ஏறி வர்றப்போ, 'உம்பேரு என்ன கண்ணு'ன்னு கேட்டாங்க. பேரெல்லாம் உனக்கெதுக்கும்மா, பேசாம வான்னு சொல்லிட்டேன்."

"பொறகு? எறங்குனாங்களா? எங்க போனாங்க?" மரியபுஷ்பம் அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"தெரியலை. பஸ்ஸு ஸ்டாண்டுக்குள்ள திரும்பறப்பவே டிரைவர் அங்கப்பன் கத்துனாரு. 'டேய் ஜேசுதாஸ், புகை உங்க ஊட்டுப் பக்கந்தாண்டா'ன்னு. நிக்கறதுக்கு முன்னாடியே குதிச்சு ஓடியாந்துட்டேன். ஒருத்தரும் எறங்குனதைப் பாக்கலை."

அவன் சொல்லி முடித்தான். பிறகு செல்வமேரிதான் சொன்னாள், கிட்டத்தட்டக் கிசுகிசுப்பாக.

"அப்ப உம்பேரு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்ணா."

ஜேசுதாஸ் தன் வலது கையை விரித்துப் பார்த்தான். அப்படியே தரையில் மண்டியிட்டு, சிறு பிள்ளை போல வாய்விட்டு அழுதான். 

மரியபுஷ்பம் அவனை அழவிட்டாள். அதிக நேரம் விடவில்லை.

"எந்திரிங்க. அங்கப்பன் ஊடு எங்க? அவருக்குத் தெரிஞ்சிருக்கும். அந்த இல்லத்துக்குப் போறதுக்கு முன்னாடி, வந்த பஸ்லயே அவங்க திரும்ப எறங்குனாங்களா இல்லையான்னு அவரைத்தான் கேக்கோணும்."

"வாழவந்தி" என்றான், முகத்தைத் துடைத்துக்கொண்டு. "கோயிலுக்குப் பின்னாடி."

"அஞ்சேகாலுக்கு பஸ் இருக்குது. மேரி, குடையை எடு."

அடிவாரத்து வெயிலில் காய்ந்த போர்வை ஒன்றையும் மூட்டையிலிருந்து உருவிக் கையில் எடுத்துக்கொண்டாள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

பெரியநாயகம் சுவரைப் பிடித்துக்கொண்டு தட்டுத் தடுமாறி எழுந்தார். சட்டை முழுக்கச் சுண்ணாம்பு. "நானும் வர்றேன்" என்றார். "நானும் வர்றேன் ஜேசு. நாந்தான் போகோணும்."

ஜேசுதாஸ் அவரைத் திரும்பிப் பார்க்காமல் வாசல் இறங்கினான். செல்வமேரியும் போனாள்.

மரியபுஷ்பம் மட்டும் நிலைப்படியில் நின்றாள்.

"நீங்க இருங்க மாமா" என்றாள். "அவங்க இந்த ஊர்லயே எங்கியாச்சும் இருந்து, இன்னைக்குப் பொழுது சாயறப்போ தேடி வந்தாங்கன்னா, கதவைத் தெறந்து உள்ள கூப்புட ஒரு ஆளு வேணும்."